எண்ணெய் குடிக்கும் வள்ளம்

ஆலப்புழையில் நடக்கும் நேரு கோப்பைப் படகுப் போட்டியில் சுண்டன் வள்ளம் எனப்படும் நீண்ட பந்தயப் படகு ஓடுவது சில நிமிடங்கள்தான். 100 அடிக்கு மேல் நீளம், ஏறக்குறைய 100 துடுப்பாளர்கள். அந்தச் சில நிமிடங்களுக்காக ஆண்டு முழுக்க வெயில் மழை படாமல் அதைக் கட்டிக் காப்பது வீண் செலவு என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. வள்ளத்தின் ஆஞ்சிலி மரப் பலகைகள் மேல் மீன் எண்ணெயும் சிரட்டைக் கரியும் முட்டையும் கலந்து பூசுகிறார்கள். பூசுகிற கை ஒவ்வொரு பலகையையும் தடவிப் போகிறது. எங்கே இணைப்பு விலகியிருக்கிறது, எங்கே மரம் மெத்தென்றாகிவிட்டது என்பதை விரல் கண்டுபிடித்துவிடும். அதே பூச்சில் மரமும் உறுதிப்படுகிறது, அடிப்பக்கமும் வழுவழுப்பாகி வள்ளம் சறுக்கிக்கொண்டு போகிறது. இதில் எதை உழைப்பென்றும் எதை இன்பமென்றும் பிரிப்பது?

ஒரு ஆளால் இதெல்லாம் முடியுமா என்பது நியாயமான கேள்வி. முடியாது. பல சுண்டன்கள் ஊர்ப் பொதுச் சொத்தாக இருப்பது அதனால்தான். செலவிலும் பங்கு, துடுப்பிலும் பங்கு. சிறு படகுக்கும் இந்த வழி பொருந்தும். சொந்தமாகப் படகு வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் நல்ல கூட்டாளிகளைத் தேடுங்கள், படகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.