நூதனசாலையிற் செப்புத் திருமேனிகள்

கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்டது. அதனை நிறுவியவர் தேசாதிபதி சேர் வில்லியம் கிரகெரி. 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய கண்டியரசரின் சிங்காசனம் அங்குள்ளது. 1911இற் காலியிற் கண்டெடுத்த கல்வெட்டும் உள்ளது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லிலே சீனமொழி புத்தரையும், தமிழ் தேனவரை நாயனாராகிய திருமாலையும், பாரசீகம் அல்லாவையும் போற்றுகின்றன.

எனினும், தமிழ் மாணாக்கர் முதலிற் காணற்பாலன பொலநறுவைச் செப்புத் திருமேனிகளே. 1907, 1908ஆம் ஆண்டுகளிற் சிவாலயமொன்றின் அகழ்வில் இவை வெளிப்பட்டன. சேர் பொன்னம்பலம் அருணாசலம் இவற்றைச் சைவநெறி நின்று ஆராய்ந்தார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1914இல் வெளியிட்ட நூலினால் இவற்றின் பெருமை மேனாட்டாருக்கும் புலனாயிற்று. சோழநாட்டு வார்ப்போ ஈழத்து வார்ப்போ என்னும் வினா இவைபற்றி எழுந்ததுண்டு. அவ்வினாவினும் ஆழமானது மற்றொன்று: வழிபாட்டுக்கென வார்த்த திருமேனி காட்சிப்பொருளானபின் எஞ்சுவது யாது?

சுந்தரமூர்த்தி நாயனார் திருவுருவத்தை நோக்குக. உலோகம், உயரம், நூற்றாண்டு என்பவற்றை மாத்திரம் அறிந்தவன் அங்கே அணிபூண்ட இளைஞனொருவனையே காண்பான். மணக்கோலத்திலே இறைவனால் தடுத்தாட்கொள்ளப்பட்ட வரலாற்றை அறிந்தவனோ, அம்முகத்திலே வியப்பும் அன்பும் ஒருங்கே மலர்வதைக் காண்பான். கண்ணாடிப்பேழை பொருளைக் காக்கும், பொருளுணர்வை அளிக்கமாட்டாது. பண்டைக் கலைப்பொருள்கள் நூதனசாலைக்கென ஆக்கப்பட்டனவல்ல, வாழ்க்கைப் பயனுக்கென ஆக்கப்பட்டன என்று குமாரசுவாமி வற்புறுத்தியதன் உண்மை இதுவே.

ஆயின் நூதனசாலையை முற்றும் பழித்தலும் நீதியன்று. கோயிலிலே பட்டும் மாலையும் திருமேனியை மறைப்பன. மெழுகிலே உருச்செய்து, மண்பொதிந்து, மெழுகை உருக்கியகற்றி, அவ்வெற்றிடத்தே உலோகம் வார்த்த சிற்பியின் கைத்திறன் அடியார் கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படுவதில்லை. தோளின் வளைவும் இடையின் நெளிவும் நூதனசாலையிலேதான் தெளிவாகத் தோன்றுகின்றன. ஆங்கு உருவம் வெளிப்பட, கருத்து மறைகின்றது. கோயிலிலே கருத்து விளங்க, உருவம் மறைகின்றது.

இவ்விரு குறைகளையும் நிறைக்கவல்லவர் யாவர்? திருமுறை பயின்று, அதன்பின் நூதனசாலை புகுவோரே. நல்லூரிலே திருவிழாக் கண்டு வளரும் யாழ்ப்பாணத்து மாணாக்கருக்கு அத்தகுதி இயல்பாகவே வாய்க்கற்பாலது. தேவாரத்தைப் பரீட்சைக்குரிய பாடமாக மாத்திரம் கருதுவராயின், அவர்களும் அப்பேழைமுன் அயல்நாட்டு யாத்திரிகர்போலவே நிற்பர். அது நூதனசாலையின் குற்றமாகாது.