முன்னோர் வினையும் பின்னோர் பழியும்

முன்னோர் இழைத்த கொடுமைக்கு அவர்தம் வழித்தோன்றல்கள் பழி ஏற்றல் முறையாமோ என்னும் வினா இந்நாளிற் பலவிடத்தும் எழுகின்றது. சீவில்லிபுத்தூர், இராசபாளையம் முதலிய ஊர்களில் வாழ்வார்க்கு இஃது ஏட்டளவில் நிற்பதொரு வினாவன்று. இவ்வூர்களுக்கு அணித்தாகிய சிவகாசியில் 1899ஆம் ஆண்டு நிகழ்ந்த கலகம், கோயில் நுழைவுரிமை பற்றிய பகையால் மூண்டதாகும். அதற்கு ஈராண்டு முன்னர்க் கமுதிச் சிவாலயத்துட் சென்ற நாடார் மரபினர்மேல் வழக்குத் தொடரப்பெற்றது. 1908ஆம் ஆண்டிற் பிரிவி கவுன்சிலும் அவர்க்கு அவ்வுரிமை இல்லையென்றே தீர்ப்பளித்தது. 1939 சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர், தடுக்கப்பட்டிருந்த மரபினர் சிலரை மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள் அழைத்துச் சென்றார். 1947ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக் கோயில்களை இந்துக்கள் யாவர்க்கும் உரியவாக்கிற்று. தடுத்தாரும் தடுக்கப்பட்டாரும் மறைந்தனர். அவர்தம் மக்கள், மடவார்வளாகத்து வைத்தியநாதசுவாமி திருமுன்னும் இராசபாளையத்து மாயூரநாதசுவாமி திருமுன்னும் ஒருங்கு வழிபடும் உரிமை பெற்றுளர்.

தடுத்தார் மரபிற் பிறந்தாரனைவரும் குற்றமுடையார் என்பர் ஒருசாரார். பண்டை நிகழ்ச்சிக்கும் தமக்கும் தொடர்பேயில்லை என்பர் மற்றொருசாரார். இவ்விரு கூற்றும் சித்தாந்த நெறிக்கு ஒவ்வா.

முதற்கூற்றை ஆராய்வாம். தாய் தந்தையர் தருவது உடம்பு. உயிர் அவராற் படைக்கப்படுவதன்று. ஒவ்வோருயிரும் தன் சஞ்சிதத்தினின்று முகந்துகொண்ட பிராரத்தத்தையே நுகரும். ஓருயிரின் வினை மற்றோருயிரைச் சென்று பற்றுமெனின், வினைக்கொள்கையே நிலைகுலையும். சேய்ஞலூர் எச்சதத்தன் பாற்குடத்தை இடறிய குற்றம் அவன் மகனார் விசாரசருமரைத் தீண்டவில்லை, அவர் சண்டேசுரராயினார். அன்றியும், பிறப்பை நோக்கி ஒருவனை விலக்கியதே பண்டையோர் குற்றம். பிறப்பை நோக்கி ஒருவனைப் பழிப்பார் அதே குற்றத்தைத் தாமும் செய்வாராவர். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்னும் பழமொழிக்கு அவரே சான்றாவர்.

இனி இரண்டாங்கூற்று. வினை வழிவழி வாராது. வினையின் பயனாகிய பொருளும் வழக்கமும் வழிவழி வருகின்றன. மிதாட்சர முறையில், தந்தை பட்ட கடனை மகன் தீர்த்தல் அறக்கடமையாயிருந்தது. தந்தைக்கு விதித்த தண்டமும் அவன் சூதாடிப் பட்ட கடனும் மகனைச் சாரா. 2005ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அக்கடப்பாட்டை மேல்வருங் கடன்களுக்கு நீக்கிற்றாயினும், அதனுட் பொதிந்த பாகுபாடு நுண்ணியது: குற்றம் செய்தானோடு ஒழியும், கடன் பொருளைத் தொடரும். முன்னோர் தடுத்து வைத்த பாதையையும் நீர்நிலையையும் சுடுகாட்டு வழியையும் இன்றும் தடுத்து நிற்பான், முன்னோர்மேற் பழிபோட்டுத் தப்புதல் இயலாது. அக்கொடுமையை உள்ளத்தால் உவத்தலும், உரையாற் புகழ்தலும், செயலால் தொடர்தலும் அவன் தானே ஈட்டும் ஆகாமியமாம். அதற்குரிய பழி புதிது, அவனுக்கே உரியது.

ஆகவே, ஒருவனை வினவத்தக்கது அவன் எம்மரபினன் என்பதன்று; கையில் வந்ததனை வைத்து அவன் இன்று செய்வது யாது என்பதே. திருநீற்றுக் கையை நீட்டி நிற்பானது பாட்டன் பெயரைக் கேட்டு நீறளிப்பார் யாருமிலர். அடைத்த வழியைத் திறந்துவிட்டு வருவான் எக்குடிப் பிறப்பினும் அவனை உடன்நிறுத்தித் தொழுதலே அடியார்க்கு முறையாகும்.