ஓடுகாலி என்னும் சொல்

ஓடுகிற பெண்ணைக் குறிக்கத் தமிழில் நெடுங்காலமாக ஒரு பெயர்ச்சொல் இருக்கிறது: ஓடுகாலி. பிரித்துப் பார்த்தால் ஓடும் கால்களை உடையவள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. வழக்கிலோ அது வசை. வீட்டுக்கு அடங்காதவள், யாருடனோ போய்விட்டவள் என்று பல குற்றச்சாட்டுகளை அந்த ஒரு சொல் சுமக்கிறது. ஊர் சுற்றும் ஆணை ஊர்சுற்றி என்கிறோம். அதில் பாதி செல்லம். ஓடுகாலியில் செல்லத்துக்கு இடமில்லை. பெண்ணின் கால்கள் ஓடினால் அவை எதையோ விட்டு ஓடுகின்றன, அல்லது யாரையோ நோக்கி ஓடுகின்றன என்பதே அச்சொல்லின் உட்கிடை. சும்மா ஓடுவது என்ற பொருளுக்கு அங்கே வழியில்லை.

நாற்பத்தொரு வயதில் எங்கள் ஊர் ஆயுதப்படை மைதானத்தில் ஓடத் தொடங்கிய முதல் வாரமே இந்தச் சொல்லின் நிழலை உணர்ந்தேன். யாரும் என்னை அப்படித் திட்டவில்லை. காரணம் மட்டும் கேட்டார்கள். "என்ன மேடம், சுகர் வந்திருச்சா?" என்றார் காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர். "வெயிட்டக் குறைக்கவா?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "டாக்டர் சொல்லியிருக்காருக்கா" என்று சொல்லிவைத்தேன். எந்த மருத்துவரும் சொல்லவில்லை. ஓட வேண்டும் போலிருந்தது, ஓடினேன். வகுப்பில் பெண்ணியம் நடத்துகிற நான் ஏன் இல்லாத மருத்துவரின் சீட்டைக் காட்டினேன்? இந்தக் கேள்வியோடுதான் ஓட்டம் பற்றிய நூல்களை வாசிக்கத் தொடங்கினேன்.

முதலில் நம் மரபைப் பார்த்துவிடலாம். சங்க அகப்பாடல்களில் பெண் பாலையைக் கடக்கிறாள். ஆனால் அது உடன்போக்கு. முன்னே தலைவன் போகிறான். பின்னே வீட்டில் நற்றாயும் செவிலியும் அவளுடைய சிறிய அடிகள் கொதிக்கும் பரலில் என்ன பாடுபடுமோ என்று புலம்புகிறார்கள். அந்தக் கால்கள் எவ்வளவு தூரம் நடந்தன என்பதைவிட எவ்வளவு மென்மையானவை என்பதே பாடுபொருள். வெள்ளிவீதியார் தலைவனைத் தேடி அலைந்தவராக நினைவுகூரப்படுகிறார். பெரியபுராணம் சொல்லும் காரைக்கால் அம்மையார் தனியாகக் கயிலைக்குப் போகிறார். ஆனால் அதற்கு முன் தசையுடலை உதறிவிடுகிறார். புனித மண்ணில் கால் படக் கூடாதென்று தலையால் நடக்கிறார். நம் இலக்கியத்தின் ஆக நீண்ட தனிப்பயணம் செய்த பெண்ணுக்கு உடலும் இல்லை, கால்களுக்கு வேலையும் இல்லை. உடலோடு, காரணமின்றி, தனியாகத் தொலைவு கடக்கும் பெண்ணுக்கு இந்த மரபில் முன்மாதிரி தேடிச் சலித்தேன்.

பிறகு இரண்டு தன்வரலாற்று நூல்களுக்குப் போனேன். இரண்டும் 2007இல் வெளிவந்தவை. ஒன்று ஹாருகி முரகாமி ஜப்பானிய மொழியில் எழுதி, மறு ஆண்டு ஆங்கிலத்துக்கு வந்த ஓட்ட நினைவுகள். மற்றது கேத்ரின் ஸ்விட்சரின் 'மாரத்தான் வுமன்'. ஓட்டம் பற்றி வாசிக்க விரும்பும் எவருக்கும் முதலில் கையில் தரப்படுவது முரகாமியின் நூல். பெண்கள் இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பேன்.

முரகாமி 1982இல், முப்பத்து மூன்று வயதில் ஓடத் தொடங்கினார். அதற்குச் சற்றுமுன் தான் நடத்திய ஜாஸ் விடுதியை விற்றுவிட்டு முழுநேர எழுத்தாளராகியிருந்தார். உட்கார்ந்தே எழுதுவதால் எடை கூடுகிறது, எனவே ஓடுகிறார். துணை வேண்டாம், தனிக்கருவி வேண்டாம், மைதானம்கூட வேண்டாம்; ஒரு ஜோடி ஷூவும் சாலையும் போதும் என்பதே ஓட்டத்தில் அவருக்குப் பிடித்தது. வாரம் அறுபது கிலோமீட்டர் அளவில் பல ஆண்டுகள் ஓடுகிறார். முதுமையில் வேகம் குறைவதை ஒளிக்காமல் எழுதுகிறார். நேர்மையான நூல்தான், அதன் தனிமை எனக்கும் பிடிக்கும். ஆனால் நூல் முழுவதும் அவர் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அனுமதி என்று ஒன்று தேவைப்படும் என்ற நினைப்பே அதில் இல்லை. சாலை காலியாகவும் பாதுகாப்பாகவும் இருப்பது அவருக்கு இயற்கையின் ஏற்பாடு. அமெரிக்காவில் சார்லஸ் ஆற்றங்கரையில் இளம்பெண்கள் அவரை முந்திப் போகும் காட்சி நூலில் இருக்கிறது. அவர்களைப் பின்னாலிருந்து, ஆடும் குதிரைவால் கொண்டைகளாகவே பார்க்கிறோம். முந்திப் போவதில் அவருக்கு வருத்தமில்லை, ரசிக்கிறார். அந்தப் பெண்கள் அந்தப் பாதைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்ற வரலாறு அவர் பார்வைக்குள் வரவில்லை.

அந்த வரலாறு அதே பாஸ்டன் வட்டாரத்தில்தான் நடந்தது. பாஸ்டன் மாரத்தானில் ஓட 1966இல் பாபி கிப் விண்ணப்பித்தபோது, பெண்களின் உடல் அவ்வளவு தூரத்துக்குத் தாங்காது என்று மறுப்புக் கடிதம் வந்தது. அவர் தொடக்கக் கோட்டருகே புதரில் ஒளிந்திருந்து, ஓட்டம் தொடங்கியதும் கூட்டத்தோடு கலந்தார். 3 மணி 21 நிமிடத்தில் முடித்தார். அவர் பயிற்சி செய்தது செவிலியர் அணியும் வெள்ளைக் காலணியில். போட்டிக்கு அணிந்தது சிறுவர்களுக்கான ஷூ, உடன்பிறந்தவனின் அரைக்கால் சட்டை, மேலே முகத்தை மறைக்க உதவிய தலைமூடிச் சட்டை. பெண் ஓடுவதற்கென்று எதுவும் தைக்கப்படாத காலம்.

அடுத்த ஆண்டு ஸ்விட்சர். கே.வி. ஸ்விட்சர் என்று முதலெழுத்துகளோடு பதிவு செய்ததால் 261 என்ற எண் அவருக்குக் கிடைத்தது. அவருடைய பயிற்சியாளரே பெண்ணால் மாரத்தான் தூரம் ஓட முடியாது என்று நம்பியவர்தான். பயிற்சியில் அந்தத் தூரத்தை முடித்து, அதற்கு மேலும் ஐந்து மைல் அவரோடு ஓடிக் காட்டிய பிறகே மனம் மாறினார். போட்டி நாளில் உதட்டுச்சாயத்தைத் துடைத்துவிடு, பெண்ணென்று தெரிந்துவிடும் என்று உடன் ஓடிய காதலர் சொன்னார், ஸ்விட்சர் துடைக்கவில்லை. சில மைல்களிலேயே போட்டி அலுவலர் ஜாக் செம்பிள் பாய்ந்து வந்து அவருடைய எண்ணைப் பிய்க்க முயன்றார். காதலர் அவரை இடித்துத் தள்ளினார். உலகம் பார்த்த அந்தப் புகைப்படங்களில் ஓர் ஆண் அவளை நிறுத்தப் பார்க்கிறான், இன்னோர் ஆண் அவளைக் காக்கிறான். நடுவில் ஓட முயல்கிறாள் பெண்.

அதற்குப் பின் ஸ்விட்சர் எடுத்த முடிவில்தான் இரு நூல்களின் வேறுபாடு முழுதாகத் தெரிகிறது. தவழ்ந்தாவது முடித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பெண்களால் முடியாது என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள் என்று அவர் தீர்மானிக்கிறார். முரகாமியும் நடக்காமல் கடைசிவரை ஓட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்; அதையே தன் கல்லறையில் பொறிக்க விரும்புகிறவர். அந்தப் பிடிவாதம் அவருடைய சொந்தச் சொத்து. தோற்றால் ஒரு முரகாமி தோற்பார். ஸ்விட்சருக்குத் தனியாகத் தோற்கும் உரிமை இல்லை. கால் வலித்து ஓரமாக உட்காரும் உரிமை, இன்று வேண்டாம் என்று திரும்பும் உரிமை, மெதுவாக ஓடும் உரிமை எதுவும் இல்லை. பெண் எதையாவது நிரூபித்துக்கொண்டே ஓட வேண்டியிருக்கிறது. நான் சொன்ன 'டாக்டர்' பொய்யும் இந்த நிரூபணத்தின் சிறு கிளைதான்.

உடல் மீதான சந்தேகத்துக்கு நீண்ட ஆயுள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே வென்றார். பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அந்தப் போட்டி நீக்கப்பட்டு 1960இல்தான் திரும்ப வந்தது. பாஸ்டன் 1972இல் பெண்களை முறைப்படி அனுமதித்தது. எட்டுப் பேர் தொடங்கினார்கள், எட்டுப் பேரும் முடித்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் 1984இல்தான். அதன் பிறகும் விசாரணை ஓயவில்லை. புதுக்கோட்டை மண்ணிலிருந்து போன சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கம், பாலினச் சோதனைக்குப் பின் பறிக்கப்பட்டது. வேகமாக ஓடாதவள் பெண் என்பதால் விலக்கப்பட்டாள். வேகமாக ஓடியவள் பெண்தானா என்று கேட்கப்பட்டாள்.

போட்டிகளை விட்டுவிட்டு நம்மைப் போன்ற சாதாரண ஓட்டக்காரர்களிடம் வருவோம். ஓட்டத்துக்கு ஒரு ஜோடி ஷூ போதும் என்பதை எழுதியவருக்கு மார்பகம் இல்லை. பெண்ணுக்கு முதல் தேவை ஷூவுக்கு முன்பே தொடங்குகிறது. 1977இல் வெர்மான்ட்டில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா ஷ்ரைபர் என்ற மூன்று பெண்கள் முதல் ஸ்போர்ட்ஸ் பிராவை உருவாக்கினார்கள். ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் இரண்டு இடுப்புக்கச்சைகளைச் சேர்த்துத் தைத்ததே அதன் முதல் வடிவம். ஆணுக்கு வெகுகாலமாகக் கிடைத்துவந்த தாங்குதல், பெண்ணுக்கு அதை வெட்டி ஒட்டித்தான் கிடைத்தது. இன்றும் நம் ஊர்க் கடைகளில் இதைக் கேட்டு வாங்க ஒரு பெண் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது. வாங்கிய பிறகு மேலே தொளதொள டி-ஷர்ட், அதற்கும் மேல் துப்பட்டாவா என்ற யோசனை.

பயிற்சி அட்டவணைகளை ஓர் இலக்கியப் பிரதியாக வாசித்துப் பாருங்கள். பதினாறு வாரம், வாரம் நான்கைந்து நாள், பெரும்பாலான நாட்களில் பேசிக்கொண்டே ஓடும் அளவு மெதுவான ஓட்டம், ஞாயிறன்று நீண்ட ஓட்டம், பிறகு ஓய்வு. அறிவியல்படி நல்ல அட்டவணைதான். ஆனால் ஞாயிறு யாருக்கு விடுமுறை? கறி வாங்கி, மசாலா அரைத்து, வார அழுக்கைத் துவைத்து, விருந்தாளிக்கும் சமைக்கும் நாள் அது. மூன்று மணிநேரம் ஓடிவிட்டு வந்து படுத்துக்கொள் என்று அட்டவணை சொல்வது, அடுப்படியில் வேறொருவர் நிற்கிறார் என்ற துணிபில்தான். மாதவிலக்கு நாள் அட்டவணையில் இல்லை. வழியில் கழிப்பறை உண்டா, நாலரை மணி இருட்டில் தெருவிளக்கு எரிகிறதா என்ற கட்டமும் இல்லை. ஒழுக்கம், பொறுமை, வலியைத் தாங்குதல் ஆகியவற்றை இந்த எழுத்துகள் ஓயாமல் போதிக்கின்றன. அவற்றில் நமக்குப் பயிற்சி தேவையே இல்லை. நமக்குப் பழக்கமில்லாதது எடுத்துக்கொள்வது: நேரத்தை, ஓய்வை, எல்லாவற்றுக்கும் மேலாக உணவை.

ஓட்டத்தில் எனக்கு ஆகக் கடினமாக இருந்தது சாப்பிடுவதுதான். ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் ஓடினால் மணிக்கு முப்பது முதல் அறுபது கிராம் மாவுச்சத்து வேண்டும் என்கிறது விளையாட்டு ஊட்டவியல். கடையில் விற்கும் ஜெல் கட்டாயமில்லை; வாழைப்பழம், பேரீச்சை, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு போதும். ஆனால் பசிக்கும் முன்பே உண்ண வேண்டும். ஓடிவந்ததும் உண்ண வேண்டும், முதல் ஆளாக. பருப்பு, முட்டை, மீன் என்று நிறைவாக. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டவளின் மகள் நான். வெள்ளிக்கிழமை விரதமும் ஆடி விரதமும் பழகிய உடம்பு இது. வீட்டில் யாரும் எழுவதற்கு முன் இரண்டு முட்டையை அவித்து நானே தின்பதில் முதலில் ஒரு திருட்டுத்தனம் இருந்தது. நாற்பது ஆண்டு பயிற்சியை எதிர்த்து அந்த முட்டையை விழுங்க வேண்டியிருந்தது.

இது வெறும் மன உறுத்தல் இல்லை. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்ப உண்ணாதவர்களின் உடலில் நிகழ்வதற்கு 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு ரெட்-எஸ் என்று பெயரிட்டது. மாதவிலக்கு தப்பும் அல்லது நிற்கும், எலும்பு வலுவிழந்து மயிரிழை விரிசல் காணும், களைப்பு நீங்காது. ஆண்களுக்கும் வரும் என்றாலும் 'மெலிந்தால் வேகம்' என்ற போதனை அதிகம் குறிவைப்பது பெண்களைத்தான். நம் நாட்டில் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். இவர்களிடம் போய் ஓட்டத்தை எடைக்குறைப்பாக விற்பது கொடுமை. மாதவிலக்கு நின்றுபோனால் அதைத் தொல்லை விட்டது என்று எண்ண வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள் என்று ஓட ஆசைப்படும் மாணவிகளிடம் சொல்கிறேன். இரும்புச்சத்தைச் சோதித்துவிட்டு ஓடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க முடியாது. நான் ஓடும் அதே விடியலில் தூய்மைப் பணியாளர்களான பெண்கள் தள்ளுவண்டியோடு நடக்கிறார்கள். ஒரு நாளில் அவர்கள் கடக்கும் தூரத்தை எந்தக் கைக்கடிகாரமும் பதிவதில்லை. அவர்கள் காலில் ரப்பர் செருப்பு. தண்ணீர்க் குடத்தோடும் விறகுச் சுமையோடும் நடந்த பெண்களின் கால்களை மென்மை என்று எந்தக் கவிதையும் பாடவில்லை. அவற்றின் வலிமையையும் பாடவில்லை. சும்மா ஓடுவதற்கான நேரம் சம்பளமாக எனக்குக் கிடைத்தது. அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஓய்வும் நிறைவான உணவும் எல்லோருக்கும் உரியவை என்று கேட்காத ஓட்டம், முரகாமியின் காலிச் சாலையிலேயே நின்றுவிடும்.

ஓடுகாலி என்ற சொல்லை நாம் எடுத்துக்கொள்ளலாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். வசைகளைப் பட்டமாக்குவதில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு. அடிபட்டவர்களின் வலி அதில் எளிதில் அழிந்துவிடும். ஆனால் இந்தச் சொல்லில் கால்கள் இருக்கின்றன, ஓட்டம் இருக்கிறது. சேர்த்து ஒட்டிய பழியை உரித்துவிட்டால் மிச்சம் நல்ல தமிழ்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு அக்கா மறுபடி கேட்டார், "இன்னுமா டாக்டர் ஓடச் சொல்றாரு?" "டாக்டர்லாம் சொல்லலக்கா. சும்மாதான் ஓடுறேன்" என்றேன். கொஞ்ச நேரம் என் ஷூவையே பார்த்தார். "இது என்ன வெலை?" என்றார்.