கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது?

பழைய குதிரைப் படங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் தமிழ்நாட்டில் முதலில் வந்து விழும் கேள்வி, நம் ஊரில் கௌபாய் எங்கே இருந்தான் என்பதுதான். கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972), ‘ஜக்கம்மா’ (1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) ஆகிய படங்களை இந்த ஒரே கேள்வியில் ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. தொப்பியும் இடுப்புத் துப்பாக்கியும் கடன் வாங்கியவை என்பது உண்மை. ஆனால் உடுப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்ததும் படத்தைப் பார்க்கும் வேலை முடிந்துவிடாது. கையில் காசில்லாத இயக்குநரால் நூறு குதிரைகளைக் கொண்டுவர முடியாது, ஒரு கோட்டையைக் கட்ட முடியாது. கேமராவை எந்த இடத்தில், யார் பக்கம் வைப்பது என்ற முடிவு மட்டும் காசைக் கேட்பதில்லை. அதனால் குறைந்த செலவில் எடுத்த குதிரைப் படத்தை ரசிக்கவும் விமர்சிக்கவும் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அதுதான். அந்த இடத்தைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் படத்தின் வலுவும் பொய்யும் இரண்டுமே பிடிபடும்.

அமெரிக்கக் குதிரைப்படைப் படங்களில் கதை பெரும்பாலும் கோட்டைச் சுவருக்கு உள்ளிருந்தே சொல்லப்படும். சுவருக்குள் இருக்கிற சிப்பாய்க்குப் பெயர் உண்டு, கோபம் உண்டு, ஊரில் விட்டுவந்த மனைவி உண்டு. வெளியே மலைமுகட்டில் வரிசையாகத் தோன்றும் பூர்வகுடிகளுக்குப் பெயர்கூட இருக்காது. ஜான் ஃபோர்டு 1948-ல் எடுத்த ‘ஃபோர்ட் அப்பாச்சி’ இதை ஓரளவு கலைத்தது. திமிர் பிடித்த தளபதி தன் ஆட்களையே சாவுக்குள் இழுத்துச் செல்கிறான்; எதிரே நிற்கும் அப்பாச்சித் தலைவன் கொச்சீஸுக்குத்தான் அதில் கண்ணியம் இருக்கிறது. சிறு கம்பெனிகளின் மலிவான படங்கள் வேறு வழியில் போயின. பெரிய பாய்ச்சல் காட்சி தேவைப்பட்டால் வேறொரு படத்துத் துண்டை வெட்டி ஒட்டினார்கள். வெளிச்சம் திடீரென்று மாறுவதையும் படச்சுருளின் துகள் (கிரெயின்) தடிப்பதையும் கவனித்தால் ஒட்டு தெரிந்துவிடும். ஆனால் லெஸ்லி செலாண்டரின் ‘வார் பெயின்ட்’ (1953) போன்ற ஒரு படம் வறுமையையே கதையாக்கிக்கொண்டது. டெத் வேலிப் பாலைவனத்தில் ஒரு சிறு குதிரைப்படைக் குழு சமாதான ஒப்பந்தத்தைச் சுமந்து நடக்கிறது. பெரும்படை மோதல் கிடையாது. தாகம்தான் எதிரி. மழை மறைவுப் பகுதியில், தண்ணீர்க் குடத்தின் அருமை அறிந்து வளர்ந்த திண்டுக்கல்காரருக்கு அந்தப் படத்தில் யார் எப்போது எவ்வளவு குடிக்கிறார் என்று கவனிக்கத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கோட்டைக்கு உள்ளேயா வெளியேயா என்ற கேள்வி திண்டுக்கல்லுக்கு இன்னொரு வகையிலும் நெருக்கமானது. ஊருக்கு நடுவே எழும்பி நிற்கும் பாறைமேல் நாயக்கர் காலத்துக் கோட்டை இருக்கிறது. 1755-ல் மைசூர் அரசின் பௌஜ்தாராக ஹைதர் அலி இங்கே வந்தார். கப்பம் கட்ட மறுத்த பாளையக்காரர்களை அடக்குவது அவர் வேலை. சமவெளியில் புழுதி கிளம்பினால் கீழே இருந்த பாளையத்துக்காரனுக்கு அது வரிப்பணம் கேட்டு வரும் கூட்டம். அதே ஹைதரின் படையுதவிக்காகத்தான், 1772-ல் காளையார்கோவிலில் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார் திண்டுக்கல் பகுதியின் விருப்பாச்சியில் அடைக்கலமாகி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். அவருக்கு அந்தக் குதிரைகள் விடுதலை. 1792-ல் திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன பிறகு எதிர்த்துக் கிளம்பிய விருப்பாச்சி கோபால் நாயக்கர் 1801-ல் தூக்கிலிடப்பட்டார். குதிரைமேல் வருகிறவன் மீட்பனா கொள்ளைக்காரனா என்பது அவனுக்காக யார் காத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த மண்ணின் சரித்திரம் தெரிந்தவர் குதிரைப்படைப் படத்தைப் பார்க்கும்போது, எக்காளம் ஊதியதும் கைதட்டுவதற்கு முன் ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கமே நல்ல விமர்சனத்தின் தொடக்கம்.

கர்ணனின் படங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், கடன் வாங்கிய உடுப்புக்குள் கடன் வாங்காத ஒன்று இருப்பது தெரியும். ‘காலம் வெல்லும்’ படத்தின் நாயகன் பண்ணையாரின் கொடுமையால் கொள்ளைக்காரனாக மாறும் விவசாயி. காக்க வேண்டிய கோட்டை அவனுக்குக் கிடையாது. கேமரா அவனோடு வெளியே, பொட்டலில் நிற்கிறது. அமெரிக்கப் படத்தில் எக்காளத்தோடு வரும் குதிரைப்படையின் வேலையைத் தமிழ்ப் படங்களில் கடைசி ரீலில் வரும் போலீஸ் ஜீப் செய்கிறது. ஆனால் அது வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சீருடை போட்டவன் வந்து காப்பாற்றுவான் என்று இந்தப் படங்கள் நம்பியதே இல்லை. கர்ணன் அடிப்படையில் ஒளிப்பதிவாளர், தன் படங்களுக்குத் தானே கேமராவையும் பிடித்தவர். தரையோடு தரையாகக் கேமராவை இறக்கி, குளம்புகள் நம் தலைக்கு மேலே பாய்வதுபோல எடுக்கும் துரத்தல்கள் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றன. அந்தக் கோணத்தில் குதிரை பெரிதாகிறது, சவாரி செய்பவன் சிறுத்துப் போகிறான், தரையில் கிடக்கிறவனின் பார்வை நமக்கு வந்துவிடுகிறது. மிதிபடுகிறவனின் கதையை மிதிபடுகிற உயரத்திலிருந்து சொல்வது வெறும் வித்தை காட்டல் ஆகாது.

இதெல்லாம் சரி, மூலம் வெளிநாடுதானே என்று கேட்கலாம். செர்ஜியோ லியோனி 1964-ல் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ எடுத்தபோது அதன் கதை குரோசவாவின் ‘யோஜிம்போ’விலிருந்து (1961) வந்தது. குரோசவாவோ ஜான் ஃபோர்டைப் போற்றியவர். அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குப் போய், இத்தாலியரின் கைக்கு வந்து, ஸ்பெயின் நாட்டு மண்ணில் எடுக்கப்பட்ட ஒன்றை உலகம் அசல் என்று கொண்டாடுகிறது. அந்த அலையில்தான் தெலுங்கில் கிருஷ்ணா நடித்த ‘மோசகாள்ளகு மோசகாடு’ம் (1971) வந்தது. யாரிடமிருந்து எடுத்தான் என்பதைவிட, எடுத்ததை இந்த நிலத்தில் எங்கே ஊன்றினான் என்று கேட்பதே பொருத்தம். ஒரு கரடு, ஓர் ஓடை, உடைமரம், செம்மண்: இவை வெறும் பின்திரையாகத் தொங்குகின்றனவா, அல்லது பதுங்குவதற்கும் வழி தவறுவதற்கும் காரணமாகிச் சண்டையின் போக்கை மாற்றுகின்றனவா? சிறுமலை அடிவாரத்துப் பொட்டலை அறிந்தவரின் கண் இதில் ஏமாறாது. அந்தச் சரிவில் குதிரை அப்படி இறங்குமா என்று அவர் கேட்கும் கேள்வி, எந்தத் திரைப்படப் புத்தகமும் கற்றுத்தராத விமர்சனம்.

வறுமையைப் பாணி என்று சொல்லித் தப்பிக்க விடலாமா என்பது இன்னும் கடினமான ஆட்சேபம். விடக் கூடாது. வேகம் நிஜமானதா என்று பார்க்கப் புழுதியைக் கவனியுங்கள். நொடிக்கு 24 பிரேம் என்பது வழக்கம். 18 பிரேமில் எடுத்து 24-ல் ஓட்டினால் குதிரை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் பறக்கும், கூடவே புழுதியும் அவசரமாக அடங்கும், பிடரி மயிரும் பதறும். பகலில் எடுத்து இரவு என்று காட்டும் கறுப்பு வெள்ளைக் காட்சியில் சிவப்பு ஃபில்டர் நீல வானத்தைக் கறுப்பாக்கிவிடும், தரையில் விழும் கூர்மையான நிழலை அழிக்க அதனால் முடியாது. இந்தத் தந்திரங்கள் தெரிந்துபோவதே குற்றம் அல்ல. ஒரு துரத்தல் நமக்கு இடத்தைப் புரியவைத்திருந்தால், யார் முன்னே, யார் பின்னே, தப்பிக்க எந்தப் பக்கம் வழி என்பது மனதில் பதிந்திருந்தால், அவசரப் புழுதியை மன்னிக்கலாம். துண்டு துண்டாகக் குளம்பும் முகமும் மாறி மாறி வந்து திசையே தெரியாமல் போனால், அதற்குப் பணமின்மையைக் காரணம் சொல்ல முடியாது. திசையைத் தெளிவாக வைப்பதற்கும் காசு வேண்டாம்.

கர்ணனை மன்னிக்க முடியாத இடமும் கேமரா நிற்கும் இடம்தான். ‘ஜம்பு’ (1980) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைக்கும் வீழ்ந்தவனுக்கும் பெருமை தந்த அதே தாழ்ந்த கோணம் பெண்ணின் உடலைத் துண்டுபோட்டுக் காட்டுவதற்குப் பயன்படுகிறது. அந்தக் காலத்து வியாபாரம் அப்படி என்று சொல்லி இதைக் கடந்துவிடுகிறவர்கள், துரத்தல் காட்சியில் கேமராவின் இடத்தை ஏன் புகழ்ந்தார்கள் என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே கேமரா பலவீனமானவனின் பக்கம் நின்றது என்று சொன்னோம். இங்கே அது யார் பக்கம் நிற்கிறது? வேடிக்கை பார்ப்பவனின் பக்கம். புகழ ஓர் அளவுகோல், சகித்துக்கொள்ள வேறோர் அளவுகோல் என்று வைத்துக்கொள்வது நேர்மையான ரசனை ஆகாது.

பார்க்கத் தொடங்குபவர்கள் ‘காலம் வெல்லும்’ படத்திலிருந்து ‘கங்கா’வுக்குப் போவது நல்லது. ‘ஜம்பு’ பிறகு வரட்டும். ஒரு துரத்தலை முதலில் ஒலியை அடக்கிப் பார்த்து, திசை புரிகிறதா என்று சோதியுங்கள். பிறகு சங்கர்-கணேஷின் இசையோடு பாருங்கள். முன்பு இல்லாத வேகத்தை இசை எந்த நொடியில் கூட்டுகிறது என்பது அப்போது தெரியும். நமக்குக் கிடைக்கும் பிரதிகள் பலவும் தேய்ந்தவை. வெயிலில் முகம் வெளுத்துப் போயிருந்தாலோ, காட்சி பாதியில் துள்ளினாலோ, அது பிரதியின் கோளாறாகவும் இருக்கலாம், உடனே ஒளிப்பதிவாளர் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 2010-ல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ எடுத்தபோது இந்த வகையையே கேலியாக்கி, பார்வையாளர்களைச் சிரிக்கவைக்க முடிந்தது. அந்தக் கேலி எதைப் பற்றியது என்று முழுதாக ரசிக்கவாவது, கேலிக்கு ஆளான படங்களின் நல்ல பிரதிகள் நமக்கு வேண்டும். கர்ணன் படங்களின் நெகட்டிவ்கள் எந்த நிலையில் இருந்தாலும் அவற்றைத் தேடி எடுத்துச் சுத்தம் செய்து திரையிடுவது தமிழ்த் திரைப்படச் சங்கங்கள் இப்போதே கையில் எடுக்க வேண்டிய வேலை.