எண் பொருந்தும், ஆட்டம் பொருந்துமா?

நிமிடத்துக்கு இத்தனை தட்டு, ஸ்கேல் இது, இன்னின்ன பாட்டோடு கலக்கலாம். டிஜேக்களுக்கான மென்பொருள் நடனப் பாட்டுகளுக்குக் கொடுக்கும் இந்த மூன்று விவரங்களையும் போலந்து ஓபராப் பதிவுகளுக்கும் தயங்காமல் கொடுக்கிறது. ஸ்டானிஸ்லாவ் மோனியுஷ்கோவின் 'ஹால்கா'வும் 'பேய் மாளிகை'யும் அதற்கு இன்னொரு ஒலிக்கோப்புதான். ஸ்டிரைக் ரேட் 120 என்று மட்டும் சொன்னால், மட்டையாளர் முதல் முப்பது பந்தைத் தடவிவிட்டுக் கடைசியில் விளாசினாரா, சீராக ஆடினாரா என்பது தெரியாது. ஓபராவின் சராசரி எண்ணும் அப்படித்தான். ஆனாலும் மூன்று எண்களும் ஒரே அளவுக்குத் தவறுவதில்லை. ஸ்கேல் விவரம் பலர் பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை, டெம்போ விவரம் நினைப்பதைவிட மோசம், இரண்டையும் வைத்துச் சொல்லப்படும் மிக்ஸிங் பொருத்தம்தான் எல்லாவற்றிலும் நம்பத்தகாதது என்பது என் கணிப்பு.

டெம்போவைப் பார்ப்போம். ஒலி சட்டென்று எழும் இடங்களை வைத்தே மென்பொருள் தட்டைக் கண்டுபிடிக்கிறது. டிரம் அடித்தால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். வயலின் வரிசை வில்லை இழுத்து மெல்ல நுழைந்தால் தெரியாது. குழப்பம் வரும்போது பல மென்பொருள்கள் 120ஐ ஒட்டிய எண்ணின் பக்கம் சாயும்படி அமைக்கப்பட்டவை. அதனால் 60இல் நடக்கிற ஏரியா 120 என்று பதிவாவதில் வியப்பில்லை. 'பேய் மாளிகை'யில் பழைய கடிகாரத்தின் மணியோசையோடு ஸ்டெஃபான் பாடும் ஏரியாவில் பாடகர் மூச்சுக்கும் சொல்லுக்கும் ஏற்ப வேகத்தை இழுப்பார், பிறகு விடுவார். நடத்துநர் அவர் பின்னால் போவார். அங்கே ஒற்றை டெம்போ என்று ஒன்று இல்லவே இல்லை. அதே ஓபராவின் மசூர் நடனம் வேறு விதம். மேடையில் ஆடுவதற்காக எழுதியது என்பதால் வேகம் ஓரளவு நிலையாக நிற்கும், மென்பொருளும் சரியான எண்ணையே பிடிக்கலாம். ஆனால் மசூர் மூன்று தட்டுத் தாளம். அழுத்தமும் பல இடங்களில் முதல் தட்டை விட்டு இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழும். நான்கு தட்டு ஹவுஸ் இசையை அதே பிபிஎம்மில் மேலே வைத்தால், இரண்டின் பார் தொடக்கங்களும் பன்னிரண்டு தட்டுக்கு ஒருமுறைதான் சந்திக்கும். 1865இல் வார்சாவில் அரங்கேறிய இந்த ஓபராவை மூன்றே காட்சிகளோடு ஜார் ஆட்சியின் தணிக்கை நிறுத்திவிட்டது. அதில் தெறித்த போலந்துத்தனம்தான் காரணம். அந்தப் போலந்துத்தனத்தில் ஒரு பங்கு இந்த இடம் மாறி விழும் அழுத்தத்தில் இருக்கிறது. நான்கு தட்டுக்குள் திணித்தால் முதலில் பறிபோவது அதுதான்.

ஸ்கேல் விஷயத்தில் மென்பொருளுக்காகக் கொஞ்சம் வாதாடலாம். பன்னிரண்டு சுரங்களில் எது எவ்வளவு ஒலிக்கிறது என்று கணக்கெடுத்து, 24 மேஜர், மைனர் மாதிரிகளோடு ஒப்பிடுவது வழக்கமான முறை. அது தவறும்போது பெரும்பாலும் பக்கத்து வீட்டில்தான் போய் நிற்கும்: சி மேஜரை ஏ மைனர் என்றோ ஜி மேஜர் என்றோ சொல்லும். டிஜேக்களின் கேமலாட் சக்கரத்தில் சி மேஜர் 8பி, ஏ மைனர் 8ஏ, ஜி மேஜர் 9பி. பின்னிரண்டும் சி மேஜரோடு கலக்கத் தக்க அண்டைகள். தவறு நடந்தும் கலவை பெரும்பாலும் கெடாது. சுருதி வேறுபாடும் தீர்க்கக்கூடியதே. ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் பல 442 அல்லது 443 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்கின்றன, மின்னணு இசை 440இல் நிற்கிறது. நீண்ட ஏ சுரத்தில் நொடிக்கு இரண்டு மூன்று முறை ஒலி அலையடிக்கும். பதிவின் ஓட்டத்தை அரை சதவீதத்துக்குச் சற்று முன்பின்னாகக் குறைத்தால் போதும்.

சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் கீ லாக் வசதி இருக்கும்போது வேகத்தை எவ்வளவு மாற்றினால் என்ன என்று கேட்பார்கள். கீ லாக் சுருதியைத்தான் காக்கும். ஓபராக் குரலின் அசைவு பொதுவாக நொடிக்கு ஐந்து முதல் ஏழு முறை. ஆறு அசைவுள்ள குரலைப் பத்து சதவீதம் முடுக்கினால் அது 6.6 ஆகும், சுருதி பிசகாமலே பாடகி பதறுவது போலக் கேட்கும். 'ஹால்கா'வின் நாயகி பாடும் ஏரியாக்களில் இதை மறைக்க இடமே இல்லை, வாத்தியங்கள் குரலுக்கு வழிவிட்டு நிற்கின்றன. பொருத்தத்தைக் கணக்கிடும் மென்பொருளுக்குக் குரலும் வாத்தியமும் ஒன்றுதான்.

டிஜே எடுப்பது முப்பது நொடித் துண்டுதானே, முழு ஓபரா எதற்கு என்பது வலுவான மறுப்பு. ஏற்கலாம், ஆனால் அப்போது எண்ணும் அந்த முப்பது நொடிக்கு உரியதாக இருக்க வேண்டும். மசூரின் பகுதிகளைத் தனித்தனியாக வெட்டி அளந்தால் பயனுள்ள விவரம் கிடைக்கும், கலக்க மூன்று தட்டு இசையாகத் தேடிக்கொள்ளலாம். இன்னொரு போலந்து இசையமைப்பாளரான சிமனோவ்ஸ்கியின் 'ரோஜர் மன்னன்' இன்னும் தெளிவான சான்று. 1926இல் வார்சாவில் மேடையேறிய இந்த ஓபராவில் ஒத்திசை நெடுக இடம் மாறிக்கொண்டே போகிறது. கடைசியில், சூரியனை நோக்கி மன்னன் பாடி முடிக்கும்போது, சி மேஜரில் வந்து நிற்கிறது. மூன்றாம் அங்கம் முழுவதும் ஒரே கோப்பாக இருந்து அதற்கு 8பி என்று முத்திரை விழுந்தால், அது முடிவுக்கு மட்டுமே பொருந்தும். அந்த அங்கத்தின் தொடக்கத்தில் இன்னொரு 8பி பாட்டை நுழைக்கிற டிஜேக்கு அந்த முத்திரையால் உதவியில்லை.