கூட்டல் கழித்தல் நூறு வருஷம்: இந்த ஆண்டில் படித்தவை

இந்த வருஷம் முழுசாகப் படித்து முடித்தவை 31 புத்தகங்கள். பாதிக்கு மேல் பூம்புகாரைச் சுற்றியவை. சொந்த ஊர்ப் பாசம் ஒரு காரணம். இன்னொரு காரணம், ஊருக்கு வரும் உறவுக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: "உங்க ஊரு பதினோராயிரம் வருஷப் பழசாமே, தம்பி?"

அதனால் பட்டியலைப் பிடிக்காத புத்தகத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த எண்ணை உலகம் முழுக்கக் கொண்டுபோனது கிரஹாம் ஹான்காக்கின் 'அண்டர்வேர்ல்டு' (2002). 1991-ல் தேசியக் கடலியல் நிறுவனத்தினர் எங்கள் கடலில் சுமார் 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவ அமைப்பு ஒன்றைக் கண்டார்கள். பத்து வருஷம் கழித்து ஹான்காக் வந்து முங்கிப் பார்த்தார். அந்த ஆழம் எப்போது தரையாக இருந்தது என்று கடல்மட்டக் கணிப்பு செய்பவரிடம் கேட்டார். சுமார் 11,000 வருஷத்துக்கு முன் என்று விடை வந்தது.

எழுத்து விறுவிறுப்பானது, மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் நிற்பது இரண்டு அனுமானங்களின் மேல். ஒன்று, கீழே கிடப்பது மனிதர் கட்டியது. இரண்டு, அந்த இடத்தின் தரை தானாகத் தாழவில்லை, கடல்தான் உயர்ந்தது. இரண்டில் எது சரிந்தாலும் விடையும் கூடவே சரியும். கடல்மட்டக் கணக்கு தரையைப் பற்றிப் பேசும். மேலே இருப்பதைக் கட்டியது யார் என்று பேசாது. அங்கிருந்து எடுத்த ஒரு செங்கல்லையோ பானை ஓட்டையோ வைத்து வந்த எண் அல்ல அது. இது புரிந்த பிறகு, தனக்கு எதுவரை தெரியும் என்று ஒரு புத்தகம் சொல்கிறதா என்பதை மட்டும் பார்த்து இந்த ஆண்டின் நான்கைத் தேர்ந்தெடுத்தேன்.

நான்காவது, பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 301 அடி. பாடப்புத்தகத்தில் துண்டு துண்டாகப் படித்தது. இப்போதுதான் உரையோடு முழுசாகப் படித்தேன். கடல்வழி வந்த குதிரை, மிளகு மூட்டை, ஈழத்து உணவு, கங்கைக்கரைப் பொருள் என்று துறைமுகச் சரக்குகளை வரிசையாக அடுக்குகிறார். சுங்கக்காரர்கள் மூட்டைகளில் புலி முத்திரை குத்துவதையும் சொல்கிறார். மிகை நிறைய உண்டு, மன்னனைப் பாடும் பாட்டு அல்லவா. ஆனால் சுறாமீன் கொம்பை நட்டுக் கும்பிடும் பரதவர்களும் அதே பாட்டில் இருக்கிறார்கள். மன்னனைப் புகழ அந்தத் தகவல் தேவையே இல்லை. எனக்குப் பாட்டின் மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

மூன்றாவது, உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942-ல் அவர் இறந்ததால் முடியாமலே நின்ற புத்தகம். இந்த முறை மணிமேகலை பதிப்பிக்கும் பகுதிக்காகவே எடுத்தேன். 1898-ல் அச்சான அந்தக் காப்பியத்தின் தொடக்கமே எங்க ஊர்தான். ஆனால் அதிலுள்ள பௌத்தச் சொற்களுக்குப் பொருள் சொல்ல அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் கும்பகோணம் கல்லூரியில் உடன் வேலை பார்த்த ரங்காசாரியார், பௌத்தம் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களைப் படித்து அவருக்கு விளக்கினார். தனக்குத் தெரியாததை ஐயர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய பண்டிதருக்கு அது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது, மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' (1940). ஐயர் தேடி அலைந்த உலகத்தின் வரைபடம் என்று இதைச் சொல்லலாம். புத்ததத்தர் என்ற சோழநாட்டுத் துறவியைப் பற்றி இதில் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் தங்கிப் பாலி மொழியில் நூல் எழுதியவர் அவர். ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு. மொழி ஆராய்ச்சியில் இந்நூலின் சில முடிவுகள் அவசரமானவையாகப் படுகின்றன. ஆனாலும் ஒவ்வொரு கூற்றுக்கும் பின்னால் எந்த நூல், எந்த இடம் என்று காட்டுகிறார். பிடிக்காவிட்டால் நாமே போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலாவது, பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும்: இந்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வு அறிக்கை. கே.வி. சௌந்தரராஜன் எழுதியது, ஆங்கிலம், 1994. படிக்கச் சுவையே இல்லை. மண் அடுக்கு, குழி எண், ஓட்டுச் சில்லு, செங்கல் அளவு. ஆனால் கீழையூரில் செங்கல் படகுத்துறை, அதில் படகு கட்ட நட்ட மரக்கம்பு, வானகிரியில் நீர்த்தேக்கம், பல்லவனேச்சுரத்தில் பௌத்த விகாரை, புத்தர் பாதம். எல்லாம் தோண்டி எடுத்து, கண்ணால் பார்த்து, அளந்து எழுதியவை. புத்ததத்தர் சொன்ன விகாரை இதுதானா என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் இங்கே விகாரை இருந்தது என்பதை மண்ணும் சொல்கிறது, ஏடும் சொல்கிறது.

படகுத்துறை மரத்துக்குக் கார்பன் கணக்கு கி.மு. நான்காம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டி வருகிறது, கூட்டல் கழித்தல் சுமார் நூறு வருஷம். இந்தக் 'கூட்டல் கழித்தல்'தான் என்னைக் கவிழ்த்தது. அதன் அர்த்தம்: இவ்வளவு தெரியும், இந்த எல்லைக்குள் தவறலாம்.

இன்னொன்றும் தெளிவானது. இந்திர விழாவை மறந்ததால் கடல் ஊரை விழுங்கியது என்கிறது மணிமேகலை. ஆனால் விகாரை 4, 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பல்லவனேச்சுரத்தைப் பாடியிருக்கிறார். அதாவது கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஊரும் உள்ளே தள்ளித் தள்ளி வாழ்ந்துகொண்டே இருந்திருக்கிறது. 2004 சுனாமியையும் வருஷா வருஷம் கரை அரிப்பதையும் பார்த்த எங்க ஊர் மீனவர்களுக்கு இந்தக் கதைதான் பழக்கமான கதை.

அறிக்கை மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. தோண்டியது 1963 முதல் 1973 வரை. அச்சானது 1994. இடையில் 21 வருஷம். அந்த மௌனத்தில்தான் மற்ற கதைகள் குடியேறின. தெரிந்தவர்கள் சொல்லாமல் வைத்திருந்தால், தெரியாதவர்கள் சொல்வதை ஊர் நம்பத்தான் செய்யும். அதில் ஊரைக் குறை சொல்ல முடியாது.

பதினோராயிரம் என்று சொல்லி வளர்க்கப்படும் பிள்ளைக்குக் கீழையூர்ச் செங்கல் சுவர் சின்னதாகத் தெரியும். வேலிக்கு வெளியே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். வெளியூர் ஆய்வாளரோ பெரிய எண்ணைக் கேட்டுச் சிரித்துவிட்டு, சின்ன எண்ணையும் சேர்த்தே தள்ளிவிடுவார். இரண்டு பக்கமும் நஷ்டம் நமக்குத்தான்.

இனிமேல் உறவுக்காரர்கள் கேட்டால் என் பதில் தயார்: "கையில் ஆதாரம் இருக்கிறது ரெண்டாயிரத்து முந்நூறுக்கு, கூட்டல் கழித்தல் நூறு. அது குறைச்சலா, மாமா?"