ஒளிப்படமும் பெயர்க்குறிப்பும்: இணையப் பகிர்வு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொருளாகக் கொண்ட ஒளிப்படங்கள் இன்று இணையத்தின் வழியே பெருந்தொகையாகப் பகிரப்படுகின்றன. கமரா வசதி படைத்தோரின் உடைமையாயிருந்த காலம் மாறி, கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் படம் பிடித்து உலகுக்குக் காட்டலாம் என்ற நிலை தோன்றியுள்ளது. இது வரவேற்கத்தக்க வளர்ச்சியே. ஆயின், படங்களின் பரவல் பொதுமைப்பட்டதால் அவற்றைப் பார்க்கும் பார்வையும் பொதுமைப்பட்டுவிட்டது எனக் கொள்ளலாமா? இவ்வினாவே எமது கவனத்துக்குரியது.

அடிக்கடி பகிரப்படும் படவகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாலைச் சூரியன்; பனங்கூடல்; மரத்தின் உச்சியிலே கருநிழலாக ஒரு சீவல் தொழிலாளி. பார்ப்போர் அதன் அழகை விதந்துரைக்கின்றனர். அழகு பொய்யன்று. எனினும், அவரை நிழலாக்கும் அதே ஒளி, தளநார் அழுத்திய பாதங்களையும், பாளைக்கத்தியையும், தவறி விழும் ஆபத்தையும் கண்ணுக்கு மறைத்துவிடுகின்றது. அத்தொழிலோடு பிணைந்த சாதியொடுக்குமுறையும், அதனை எதிர்த்து 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. உழைப்பு இயற்கைக்காட்சியின் ஓர் உறுப்பாகிவிடுகின்றது.

இப்பார்வை புதியதன்று. புகழ்பெற்ற ஆங்கில ஒளிப்படக் கலைஞரான யூலியா மார்கரெட் கமரன் 1875 முதல் 1879இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். களுத்துறையில் அவர் படம்பிடித்த ஆங்கில ஓவியர் மரியான் நோர்த்தின் பெயரை நாம் அறிவோம். அதே ஊரில் அவர் 1878இல் எடுத்த படமொன்றிலுள்ளோரோ 'களுத்துறைக் குடியானவர்கள்' மட்டுமே. இரு படங்களிலும் கலைத்திறன் உண்டு. பெயருடைய மனிதர் யார், மாதிரிகள் யார் என்பதைக் குடியேற்றவாத உறவுகள் தீர்மானித்தன.

வால்ரர் பெஞ்சமின் 1934இல் எழுதிய 'உற்பத்தியாளனாக ஆசிரியன்' என்ற கட்டுரையில், வறுமையையும் நுகர்ந்து மகிழும் பொருளாக்கிவிடும் ஒளிப்படப் போக்கினைக் கண்டித்தார். படத்தினை நாகரிக நுகர்விலிருந்து மீட்கவல்ல குறிப்பினை அதன்கீழ் எழுதும் ஆற்றலை ஒளிப்படக்காரரிடம் கோரினார். இணையத்தில் இக்கோரிக்கை மேலும் அவசரமாகின்றது. கைமாறுந்தோறும் படம் தனது இடத்தையும், ஆண்டையும், எடுத்தவரின் பெயரையும் இழந்து வெறும் 'அழகிய யாழ்ப்பாணம்' ஆகிவிடுகின்றது.

பெயர்க்குறிப்பு எப்போதும் விடுதலை தருவது எனவும் நாம் கூறவில்லை. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்வழி வந்த அடையாள அட்டையிலும் படமும் பெயரும் சேர்ந்தே இருந்தன. போர்க்காலச் சோதனைச்சாவடிகளில் அவை எதற்குப் பயன்பட்டன என்பதை எமது மக்கள் மறந்திலர். எனவே பெயரைக் கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பவை முதன்மையானவை. படத்திலிருப்பவரின் சம்மதமின்றி எழுதப்படும் குறிப்பு, கண்காணிப்பின் இன்னொரு வடிவமே.

1981இல் பொதுநூலகத்தை எரியூட்டலுக்கும், 1995இல் பெரும் இடப்பெயர்வின்போது எண்ணற்ற குடும்பங்களின் ஒளிப்படத் தொகுப்புகளை வீடுகளோடும் இழந்த சமூகத்துக்குப் படப்பகிர்வு வெறும் பொழுதுபோக்கன்று, நினைவின் மீட்புமாகும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும், அதன் பல்லூடகக் களஞ்சியமான ஆவணகமும் இவ்வகையிலே முக்கியமானவை. படத்தை அதுபற்றிய விபரங்களோடு சேர்த்துப் பேணும் ஆவணமுறை, பெஞ்சமின் கோரிய குறிப்புக்குக் கூட்டுமுயற்சியில் வடிவங்கொடுக்க வல்லது.

பனையுச்சியில் நிற்பவரின் கையிலும் இன்று கைத்தொலைபேசி இருக்கக்கூடும். அங்கிருந்து அவர் காணும் குடாநாட்டை, அவரது சொற்களோடு நாம் இன்னும் போதியளவு பார்க்கவில்லை. அப்படங்களைத் தேடிக் கண்டடைவதும் பகிர்வதும் முற்போக்கு விமர்சனத்தின் இன்றைய பணிகளுள் ஒன்றாகும்.